ஐயாவின் மைக்கில் கேட்டது

எங்கள் சபையில் மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பெட்டி என் கைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்காரும் சபை அது. கட்டும்போது ப்ளக் பாயின்ட்டைப் பெண்கள் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு ஆண் வந்து உட்கார்ந்தால் முறையாக இருக்காதென்று, சுவரோரம் இருந்த என்னிடம் பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவளுக்கு நாலு பட்டனை அழுத்தத் தெரியாதா என்று நினைத்திருப்பார்கள். அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

ஐயா என்றால் எங்கள் போதகர். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில், தகரக் கொட்டகையில் ஏழு பேரை வைத்துச் சபையைத் தொடங்கியவர். அவரை அடக்கம் செய்த அன்று ஆண்டிமடத்து விசுவாசிகள் முந்திரி ஏற்றும் வேனில் நின்றுகொண்டே வந்தார்கள். ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்தவர்கள் குளிக்காமல், தலையெல்லாம் தூசியோடு ஓடிவந்தார்கள். நான் அழுதுகொண்டே மைக் கூவாமல் பார்த்துக்கொண்டேன். அழவும் வேண்டும், மைக்கும் கூவக்கூடாது என்றால் அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

கடைசி இரண்டு வருஷம் ஐயாவுக்குக் குரல் இல்லை. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு மிஞ்சியது வெறும் காற்றுதான். சட்டைக் காலரில் குட்டி மைக்கை மாட்டி எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பீக்கரில் இரைச்சல்தான் வந்தது. அதனால் ஐயா நாற்காலியில் உட்காருவார், அவர் மனைவி பாஸ்டரம்மா பக்கத்தில் நிற்பார். ஐயா காதோடு சொல்வதை அம்மா சத்தமாகச் சொல்வார். அப்புறமும் அந்தக் காலர் மைக்கைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. ஹால் ஸ்பீக்கருக்குப் போகாமல் அதன் சத்தத்தை இறக்கி வைத்துவிட்டு, என் ஹெட்போனில் மட்டும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படிக் கேட்ட ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி ஆறு மாதம் ஐயா பிரசங்கம் எதையும் சொல்லவேயில்லை. அம்மா குனிவார். "நீ சொல்லு" என்று மூச்சோடு ஒரு வார்த்தை ஹெட்போனில் வரும். அம்மா நிமிர்ந்து பத்து நிமிஷம் பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐயாவின் மைக்கில் "ஆமென்... ஆமென்" என்று மட்டும் கேட்கும். எனக்குப் புல்லரித்துப்போகும். சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுக்கும். ஏமாற்று வேலை என்று யாராவது அம்மாவைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அடக்கிக்கொள்வேன்.

ஐயா போன பிறகு அடுத்த போதகர் பேச்சு எழுந்தது. திருச்சியிலிருந்து ஒருவர் இரண்டு ஞாயிறு வந்து பேசிப் பார்த்தார். நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. "எக்கோ கொஞ்சம் ஜாஸ்தி வைங்க சிஸ்டர்" என்றார். வைத்தேன். அவர் ஒரு தரம் சொன்னதை ஸ்பீக்கர் மூன்று தரம் சொன்னது. சபைக்குப் பின்னாலிருக்கும் வீடு, யார் போதகரோ அவருக்கு. அவர் வந்தால் அம்மா அதைக் காலி செய்துகொண்டு உடையார்பாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா வாயைத் திறக்காமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவெடுக்க ஒரு சனிக்கிழமை காலை கூடினோம். சபைக் காரியங்களில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. மூப்பர், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஐயாவோட கடைசிப் பிரசங்கம் இதுல இருக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடுங்க சகோதரி. இந்த மாதிரி பேசுற ஆளு வேணும் நமக்கு. இதுதான் அளவுகோல்."

ஒயரைச் செருகினேன். ஹால் முழுக்க அம்மாவின் குரல் எழும்பியது.

"சிமென்ட் சட்டைய எடுத்ததும் தண்ணியில போட்டுராதீங்க. முதல்ல வெளிய கொண்டு போயி நல்லா உதறுங்க. உதறாம நனைச்சா அது துணியிலயே இறுகிப் போயிரும். மனசுல இருக்குற கோவமும் அப்படித்தான். உதறிட்டு அப்புறம் அழுங்க."

"ஐயா! எங்க ஐயா!" என்று ஆண்கள் பக்கம் தேம்பினார்கள். மூப்பர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒலிப்பது ஒரு பெண்ணின் குரல். அந்தப் பெண் முக்காடு போட்டுக்கொண்டு ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஒருவராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

எழுந்துவிட்டேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒரு சாட்சி சொல்றேன்."

கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி என்று ஆணோ பெண்ணோ ஒருவர் சொல்லத் தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் யாரும் நிறுத்தக்கூடாது. தொலைந்த மாடு கிடைத்த கதையை முக்கால் மணி நேரம் கேட்டவர்கள் நாங்கள். மூப்பருக்கு என் உள்நோக்கம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து, வழக்கம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

நான் மூப்பர் பக்கம் திரும்பினேன். "மூப்பரண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஐயா என்னைக்காவது துணி துவைச்சிருக்காரா?"

பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சிமென்ட் சட்டைய உதறிட்டு நனைக்கணும்னு அவருக்கு யாரு சொன்னது? வெள்ளச் சட்டையத் தவிர அவரு என்னத்தப் போட்டாரு? நான் ஆறு மாசம் அவரு மைக்க என் காதுல கேட்டவ. 'நீ சொல்லு'ன்னாரு, ஆமென்னாரு. அது ரெண்டுதான் அவரு சொன்னது. பாக்கி பூரா அம்மா. நீங்க அளவுகோலத் தேடிக்கிட்டு இருக்கீங்க, அது பின்னாடி வூட்டுல சாக்கு கட்டிக்கிட்டு இருக்கு!"

சாட்சி முடிந்தால் எல்லோரும் அல்லேலூயா சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். மூப்பர் மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா... இவங்க சொல்றது நெசமா?"

அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார். "நெசந்தான். ஒவ்வொரு வாரமும் நீங்களே சொல்லுங்கன்னுதான் குனிவேன். நீ சொல்லுன்னுருவாரு. எங்க அப்பாவும் ஆலையிலதான் இருந்தாரு. கல்யாணம் ஆகுற வரைக்கும் அந்தச் சட்டைய நான்தான் துவைச்சேன். உங்கள ஏமாத்தணும்னு நெனைக்கலைங்க."

மூப்பர் என்னிடமிருந்து போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தெனமும் காலையில இதக் கேட்டுத்தாம்மா எந்திரிக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் ஆண்டிமடத்துச் சகோதரி ஒருத்தி அல்லேலூயா என்று கத்தினாள். கூரை அதிர்ந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி.

உடனே எல்லாம் கூடிவிடவில்லை. பெண் போதகர் எந்தச் சபையில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் எழுந்து போனார்கள். மூன்று மாதம் அம்மா நடத்தட்டும், பிறகு பார்ப்போம் என்று மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். வீட்டுப் பேச்சையும் அதுவரை எடுக்கக்கூடாது என்று மூப்பரே சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே போய்ச் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. ஐயாவின் நாற்காலியை யாரோ பழக்கத்தில் போட்டிருந்தார்கள். அம்மா மைக் முன்னால் நின்றார். பழக்கத்தில் நாற்காலிப் பக்கம் காதைக் கொடுத்துக் குனிந்துவிட்டார். நானும் பழக்கத்தில் ஹெட்போனை மாட்டி, ஐயாவின் மைக்கை ஏற்றியிருந்தேன். அந்த மைக் என் மேஜை டிராயருக்குள் கிடக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அம்மா நிமிர்ந்தார். முதல் வாக்கியத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்: "ஆமென்."

அம்மா இரண்டாவது வாக்கியத்துக்குப் போனார்.