ஓடும் பெல்ட்டில் ஒரு பாடம்

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டையும் தறிக்கூடத்தையும் பிரிப்பது ஒரே ஒரு கதவுதான். என் மூத்த மகளுக்குப் பத்து வயது. அறிவியல் புத்தகத்தில் உராய்வு என்ற பாடத்தை அவள் மந்திரம் மாதிரி ஒப்பித்ததைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரியாமல் ஒப்பிப்பது எனக்கு ஆகவே ஆகாது.

பரீட்சை அட்டையின் ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் தூக்கி வைத்து, உச்சியிலிருந்து ஒரு தீப்பெட்டியை விட்டேன். நாலு புத்தக உயரத்திலேயே சறுக்கி ஓடியது. பிறகு அட்டையில் உப்புத்தாளை ஒட்டினோம். ஏழு புத்தகம் அடுக்கியும் தீப்பெட்டி அசையவில்லை. சின்னவள் கைதட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, டீச்சருக்கே டீச்சர் ஆகிவிட்ட நினைப்பு.

அந்தப் பெருமையில்தான் வாய் நீண்டது.

"மோட்டார்ல இருந்து தறிக்குப் போற பெல்ட்டு வழுக்குனா குங்கிலியம் தேய்க்கறனல்ல? அதுவும் இதேதான் சாமி. பிடிப்பு வேணும்னுதான்."

மூத்தவளின் கண்கள் விரிந்தன.

மறுநாள் ஞாயிறு. வீட்டுக்காரர் நூல் எடுக்கப் போயிருந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தறியின் சத்தம் சுணங்கியது. பெல்ட் வழுக்குகிறது, வடித்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். சற்று நேரத்தில் சத்தம் சீரானது. அது எப்படித் தானாகச் சரியாகும்? ஈரக்கையோடு ஓடினேன்.

மூத்தவள் மோட்டார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓடுகிற பெல்ட்டில் குங்கிலியக் கட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள். பெல்ட் சக்கரத்துக்குள் நுழையும் இடத்துக்கும் அவள் விரல்களுக்கும் நடுவே நாலு விரற்கடைகூட இல்லை. கத்தினால் திரும்புவாள், திரும்பினால் கை போய்விடும். சுவரோரமாக நகர்ந்து சுவிட்சை அணைத்தேன். சக்கரம் சுற்றி நிற்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

நின்றதும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

"ஓடறப்ப யாராச்சும் கை வெப்பாங்களாடி? நிறுத்திப்போட்டுத்தான் தேய்க்கோணும்!"

"நீ நிறுத்தவே மாட்டியேம்மா."

நிறுத்தினால் நேரம் போகும், துணியில் கோடு விழும் என்று பன்னிரண்டு வருடமாக ஓடும் பெல்ட்டில்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"என்ற கை பழகுன கை சாமி. உன்ற கை போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அழவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உன்ற கை போயிருச்சுன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.