சொல்லை நிறுக்கும் தீவு

போன ஞாயிற்றுக்கிழமை மொன்றியலில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ பக்கம் ஒரு பிறந்தநாள் வீடு. கேக் வெட்டிச் சாப்பிட்டு முடித்து, கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுக்காரியைப் பார்த்துக் கை காட்டினாள்.

"அன்ரி, நாங்கள் போறம்."

அவ்வளவுதான். வாசலில் நின்ற பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள்.

"சீ! அப்பிடிச் சொல்லக்கூடாது. வாறம் எண்டு சொல்லு, வாறம்!"

பிள்ளை திகைத்துப் போனாள். "திரும்பி வரப்போறமோ அம்மா?"

"இல்லையடி, வீட்டை போறம்."

"அப்ப ஏன் வாறம் எண்டு சொல்ல வேணும்? அது பொய்யெல்லே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். போன வின்டரில் இதே கேள்வியை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் அதிகாரி கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு மனிதனுடைய மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் அருளப்பு. மட்டக்களப்புக்காரர். ஊரில் கடலுக்குப் போனவர். இங்கே என்னோடு ஒரே அறையில் இருந்தார்; ஒரே உணவகத்தில் இருவரும் கோப்பை கழுவினோம். காலையில் அரசாங்கப் பிரெஞ்சு வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அவர் அதுகூட இல்லை. ஆகவே, கடைசி வாங்கு எங்கள் இருவருக்கும் நிரந்தரம்.

எங்களுக்குப் படிப்பித்தவர் மதாம் ஜினெத். வெள்ளிக்கிழமைகளில் பாடம் இல்லை, கதை. அவர் கையைக் காலை ஆட்டி, கரும்பலகையில் படம் கீறி, இலகுவான பிரெஞ்சில் சொல்லுவார். விளங்காத இடங்களை எங்களோடு படித்த சுமதி தமிழில் சொல்லுவா. சுமதி திருகோணமலையில் இங்கிலிஷ் டீச்சராக இருந்தவ.

ஒரு வெள்ளிக்கிழமை, இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை ஒன்றைச் சொன்னார். எழுதியவன் யார் என்றே தெரியாதாம்.

ஒரு பயணி. புயலில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறான். அந்தத் தீவில் வாயால் சொன்ன எந்தச் சொல்லையும் நிறுத்துப் பார்ப்பார்கள். சொன்னபடி நடக்கவேண்டும், இல்லாவிட்டால் சிறை. பயணிக்கு இது தெரியாது. அரண்மனைக் காவலனைக் கண்டதும் தன் நாட்டு வழக்கப்படி குனிந்து, "ஐயா, நான் தங்கள் பணிவான வேலைக்காரன்" என்கிறான். உடனே அவன் கையில் விளக்குமாறு. ஏழு வருஷம் குதிரை லாயம் கூட்டுகிறான். பக்கத்தில் சாணி அள்ளுகிறவர் ஒரு காலத்தில் பிரபு. விருந்தாளி ஒருவரிடம் "இது உங்கள் வீடு மாதிரி" என்று சொல்லி வீட்டை இழந்தவர்!

கடைசியில் என்ன நடந்தது? அந்த ஊரில் ஒருவரும் நல்ல வார்த்தை பேசுவதில்லை. பயம். அரசனுக்கு மட்டும் சட்டம் கிடையாது. அவனுடைய வாக்குறுதிகளைப் பாட்டு என்று எடுத்துக்கொள்வார்கள்; நிறுக்கமாட்டார்கள்.

"எங்கடை ஊர் அரசாங்க ஒப்பந்தங்கள் மாதிரி!" என்று முன் வாங்கில் யாரோ சொன்னார்கள். வகுப்பு அதிர்ந்தது.

மதாம் ஜினெத் சொன்னார்: அந்தக் காலத்தில் ராஜாவைப் பெயர் சொல்லி எழுதினால் சிறைதான். அதனால் ஒரு கப்பலைக் கற்பனை செய்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவைக் கற்பனை செய்து, சொந்த ஊரின் கோணலையெல்லாம் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். ராஜாவே வாசித்துச் சிரிப்பாராம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமல்.

"மதாம், மொன்றியலும் தீவுதானே?" என்று சுமதி கேட்டா.

மதாம் ஜினெத் சொன்னார்: "அப்படியென்றால் உங்களுக்குக் கற்பனைக் கப்பல் தேவையில்லை. நீங்கள் கரையேறிவிட்டீர்கள். கண்டதை எழுதுங்கள்."

வீட்டுப்பாடம்! வெளியிலிருந்து வந்தவன் கண்ணால் இந்த ஊரைப் பார்த்து ஒரு பக்கம்.

நான் வெறும் தாளைக் கொடுத்தேன். கூச்சம் ஒரு காரணம். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு காரணமும் இருந்தது. என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இருக்க இடம் கேட்டு வந்த இடத்தில் வீட்டுக்காரனையே கேலி செய்து எழுதி, அதில் என் பெயரையும் போடுவதா? எங்கள் ஊரில் ஒரு தாளில் கையெழுத்து வைத்ததற்காகக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை அருளப்புவுக்கு அகதி விசாரணை. துணைக்கு நானும் போய் வெளியே நடைவழியில் இருந்தேன்.

அந்த விசாரணை எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சத்தியம் செய்து பதில் சொல்லவேண்டும். சொன்னதெல்லாம் தட்டெழுத்தாகி ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே முகம் தெரியாத யாரோ அதை வாசித்து முடிவெடுப்பார்கள். இருப்பதா, திரும்பிப் போவதா?

இரண்டு மணி நேரம் கழித்து அருளப்பு வெளியே வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. பின்னால் மொழிபெயர்ப்பாளர். புதுச்சேரிக்காரர், நல்ல மனிதர்.

"என்ன அருளப்பு, என்ன நடந்தது? சொல்லுமன்."

மொழிபெயர்ப்பாளர்தான் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததாம். கடைசியில் அதிகாரி, "புறப்படும்போது தாயிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"போயிற்று வாறன் அம்மா எண்டு சொன்னன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் மாற்றினார். "போய்விட்டுத் திரும்பி வருகிறேன்."

அதிகாரியின் பேனா நின்றது. "எப்போது திரும்புவதாக இருந்தீர்கள்?"

"திரும்பிப் போற எண்ணம் இல்ல ஐயா. போனால் உயிர் இல்ல."

"ஆனால், திரும்பி வருவதாகத் தாயிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் தாயிடம் பொய் சொன்னீர்களா? அல்லது இப்போது எங்களிடம் சொல்கிறீர்களா?"

அதோடு நேரம் முடிந்தது. மிச்சம் இரண்டு கிழமைக்குப் பிறகு என்றார்களாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் ஐயா, அது எல்லாரும் சொல்லுறதுதானே? 'போறன்' எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினமோ? 'போயிட்டார்' எண்டால் செத்துப்போனார் எண்டெல்லோ அர்த்தம்? நீங்களும் தமிழர்தானே!"

"எனக்குத் தெரியாதா சார்? எங்க வீட்லயும் அதான் சொல்லுவோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா, சொன்னதை மட்டும் சொல்லணும், கூட ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் என்ன பண்ண?"

அருளப்புவின் வக்கீல் ஒரு கியூபெக் பெண். சுறுசுறுப்பானவர். சுமதியை வைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கினார். வழக்கம் இது என்று நிரூபிக்கப் பேராசிரியர் யாராவது ஒருவரின் கடிதம் வேண்டும். இரண்டு கிழமைக்குள் எங்கே தேடுவது? சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அம்மா அழக்கூடாது என்று பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். எந்த அதிகாரிக்கும் அது விளங்கும்.

"சொல்லமாட்டன்" என்றார் அருளப்பு.

"ஏன் அண்ணை? ஒரு வசனம்தானே?" சுமதி கெஞ்சினா. "அவையள் திருப்பி அனுப்பினால் என்ன செய்வியள்?"

"நான் அம்மாக்குப் பொய் சொல்லல்ல, தங்கச்சி. சொல்லாத பொய்யைச் சொன்னதா எப்பிடிச் சத்தியம் பண்ணிச் சொல்லுற? அது எழுத்தில கிடக்கும். நான் செத்த பிறகும் கிடக்கும்."

வக்கீல் மொழிபெயர்ப்புக்காகச் சுமதியைப் பார்த்தார். சுமதி இல்லை என்று தலையை ஆட்டினா.

அடுத்த நாள் வகுப்பு முடிந்தது. மதாம் ஜினெத் வழக்கம்போல வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் "ஓர்வுவார், ஓர்வுவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் இந்தச் சொல் கேட்காத நாள் இல்லை. பஸ் டிரைவர் சொல்லுவார், தெப்பனோர் என்கிற தெருமுனைக் கடைக்காரி பாலையும் பாண் ரொட்டியையும் பையில் போட்டுக்கொண்டே சொல்லுவாள். நான் வந்த புதிதில் அதை "ஒருவர்" என்று கேட்டு, யார் அந்த ஒருவர் என்று குழம்பியிருக்கிறேன். பிறகு குட்பை மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டேன்.

அன்று என்னவோ, கால் நகரவில்லை. அந்த வகுப்பில் என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"மதாம், ஓர்வுவார் எண்டால்... சரியா என்ன?"

அவர் கரும்பலகைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லை இரண்டாக வெட்டி எழுதினார். திரும்ப. பார்ப்பது. மறுபடி பார்க்கும் வரைக்கும்.

நான் அப்படியே வாங்கில் இருந்துவிட்டேன்.

சொந்த ஊரில் இருக்கும்வரை சொந்தச் சொல் எங்கள் காதில் விழுவதில்லை. மூச்சு மாதிரி அது பாட்டுக்கு வந்து போகிறது. ஓர் அந்நியன் வந்து, "நீ இப்போது என்ன சொன்னாய்?" என்று கேட்டால்தான் நின்று கேட்கிறோம். அந்தப் பழைய ஆட்கள் கப்பலையும் புயலையும் ஏன் கற்பனை செய்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு பக்கம் எழுதினேன். தமிழில். எழுத்துப் பிழைகளைச் சுமதி திருத்திப் பிரெஞ்சில் மாற்ற, மதாம் ஜினெத் பார்த்துக் கொடுத்தார். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

"ஒரு பயணி ஒரு தீவுக்கு வந்தான். அங்கே குளிரில் காது விறைக்கும் நாளிலும் மக்கள் ஒருவரையொருவர் பார்த்து 'நல்ல நாள்' என்றார்கள். நாள் நல்லதாக இல்லை. பயணி அவர்களைப் பொய்யர் என்று குறித்துக்கொண்டான். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டவர்கள் பதிலுக்கு நிற்காமல் போனார்கள். அதையும் குறித்தான். அந்தத் தீவில் ஒரு நேர்மையான அதிகாரி இருந்தார். யாரை நாட்டை விட்டு அனுப்பினாலும் வாசல்வரை வந்து, 'மறுபடி பார்ப்போம்' என்று சொல்லி அனுப்பினார். பயணி கேட்டான்: 'ஐயா, எப்போது பார்ப்பதாக இருக்கிறீர்கள்? பார்க்கும் எண்ணம் இல்லையென்றால், பொய் சொன்னீர்களா?'"

வக்கீல் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்து, பேராசிரியர் கடிதத்துக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்றார். பிறகு தாளின் அடியைத் தொட்டுக் காட்டினார். பெயர் இல்லாத தாளைக் கோப்பில் சேர்க்க முடியாதாம்.

அந்தப் பழைய காலத்து ஆட்கள் பெயரை ஒளித்தது எனக்கு அப்போது மிக நியாயமாகப்பட்டது. ஓர் அதிகாரியைக் கேலி செய்த தாள். நாளைக்கு என் கோப்பும் அதே மேசைக்குத்தான் போகும்.

"வேணாம் அண்ணன்" என்றார் அருளப்பு. "உங்கட கேஸ் கெட்டுப்போகும். விடுங்க."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை கையெழுத்து வைக்காமலே விட்டிருப்பேன். பேனாவை வாங்கினேன். என் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

இரண்டாவது விசாரணைக்கு எழுதியவன் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீல் வாசித்தார். "நல்ல நாள்" என்ற இடத்தில் தட்டெழுத்துப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. கடைசி வரிக்குப் பிறகு தாளைத் தன் கையில் வாங்கி, தானாகவும் ஒருமுறை வாசித்தார். அறையில் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

பிறகு தட்டெழுத்துப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எங்களுக்குத் தந்தார்: "விண்ணப்பதாரர் தாயிடம் சொன்னது விடைபெறும் வழக்கச் சொல். அவர் தாயிடம் பொய் சொல்லவில்லை."

அருளப்பு தலையைக் குனிந்துகொண்டார்.

முடிந்ததும் அதிகாரி எழுந்து கை கொடுத்தார். "ஓர்..." என்று வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அப்புறம், "மெர்சி" என்று நன்றி மட்டும் சொன்னார்.

இலை கொட்டும் காலத்தில் ஒட்டாவாவிலிருந்து கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! சுமதி வாசித்துச் சொன்னா. அருளப்பு நிதானமாகக் கேட்டார்: "மற்றத் தாள் எங்க தங்கச்சி? நான் பொய் சொல்லல்ல எண்டு எழுதிக் கிடக்கிற தாள்."

வக்கீலிடமிருந்து அதை வாங்கி, ஒரு பிரதி எடுத்து, மட்டக்களப்பில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பினார்.

"அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணன். கீழ தமிழில எழுதியிருக்கன். உங்கட மகன் உங்களுக்குப் பொய் சொல்லயில்லையாம், கனடா அரசாங்கம் ஒத்துக்கொண்டிருக்கு எண்டு."

தாயின் பதில் போன வாரம்தான் கிடைத்தது. யாரையோ கொண்டு எழுதுவித்த இரண்டு வரி. தாள் கிடைத்ததாம், பத்திரமாக இருக்கிறதாம். அடுத்த வரி: "அது கிடக்கட்டும் மகன், உன்னைப் பொய்யன் எண்டு அங்க சொன்னது ஆரு?"