தாளில் இல்லாத படி

எங்கள் மாமா ஒரு கணினியைக் கெடுத்த கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இருபது வருடம் இருந்தேன். புதிதாக வரும் எழுதுவினைஞர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் வேலை பழக்கினேன். படிமுறையைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நாற்பது வயதில் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், இத்தனை காலமும் அதைப் பிழையாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்து இழுவைப் படகொன்றில் சுக்கான் பிடித்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தார். பங்குக் கோவில் அலுவலகத்தில் அவருக்குத் தட்டெழுத்து வேலை. அலுவலகக் கூரை ஒழுகத் தொடங்கியதும் கோவிலின் கணினி எங்கள் முன்னறைக்கு வந்துவிட்டது.

அதில் அத்தை பதினொரு மாதமாக ஒரு பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தார். கிளிவெட்டியிலிருந்தும் வெருகலிலிருந்தும் தோப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், தங்கள் வீட்டில் காணாமல் போனவரைப் பற்றிச் சொன்ன விபரங்கள் அவை. எந்த நாள், எந்த இடம், யார் கூட்டிக்கொண்டு போனது, அதைச் சொல்பவர் யார். கையால் எழுதி வரும் தாள்களை அத்தை தட்டி முடித்த அன்றே குசினி அடுப்பில் போட்டுவிடுவார். பிளொப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று ஒருநாள் சொன்னேன். எனக்கு அந்த வயதிலேயே அப்படியான யோசனைகள் வரும். அத்தை காது கேளாதவர் போல இருந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் கணினி படித்துவிட்டு ஓர் இறுவட்டோடும் ஒரு கட்டுப் போட்டோக் கொப்பியோடும் வந்து இறங்கியிருந்தார். இறுவட்டில் இருந்தது லினக்ஸ் என்னும் இயங்குதளம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், அதற்குச் சொந்தக்காரன் கிடையாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கினார். அப்பா சாப்பாட்டு மேசையில் அதை முழுவதும் கேட்டுவிட்டு, "சொந்தக்காரன் இல்லாத வள்ளத்தை ஆர் கரையில இழுத்து வைக்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் கிழமை எங்கள் பகுதியில் இராணுவத்தினர் வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். வியாழக்கிழமை அத்தை கோவிலிலிருந்து நேரத்தோடு வந்தார். பெரியவர்கள் நால்வரும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்தார்கள். கதவு திறந்தபோது முடிவு ஆகியிருந்தது: சனிக்கிழமை மாமா லினக்ஸைப் பதிக்கப் போகிறார். அந்தக் கணினியில் தூசி தட்டவும் யாரையும் விடாத அத்தை எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா எனக்கு விளக்கிச் சொன்னார். கணினியின் வன்வட்டு இரண்டு பகுதியாக இருக்கிறது. முதலாவதில் பழைய இயங்குதளம், இரண்டாவதில் அத்தையின் பட்டியல். முதலாவதை அழித்து அந்த இடத்தில் லினக்ஸ் வரும். இரண்டாவதில் கையே வைக்கப்படாது.

பிறகு, என் கையெழுத்து வடிவானது என்று சொல்லி, ஆங்கிலத்தில் இருந்த படிமுறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதச் சொன்னார். பதினான்கு படிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் அடிமட்டம் வைத்து ஒரு பெட்டி கீறினேன். செய்யச் செய்யப் பென்சிலால் சரி போடுவது என் பொறுப்பு. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் அரச நியமனம் அதுதான் என்று சொல்லலாம்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தொடங்கினோம். பகல் இரண்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள்; அதற்குள் முடிக்க வேண்டும். வீதியின் மேல்முனையில் சோதனைக்காரர் வந்துவிட்டார்கள் என்று அம்மா சொல்லிவிட்டு, காலையில் கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டப் போனார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. படமும் இல்லை, பொத்தானும் இல்லை. எல்லாம் கட்டளை தட்டித்தான். மாமாவின் கையை அத்தை நம்பவில்லை என்பதால் விசைப்பலகையில் அப்பா உட்கார்ந்தார். படகில் செய்வதைத்தான் இங்கேயும் செய்தார். கப்பித்தான் ஓடர், அதாவது உத்தரவு, ஒன்றைச் சொன்னால் சுக்கான்காரன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும். ஓடர் பிழையாகப் பட்டால் திருப்பிச் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். இதை அப்பா எனக்குப் பலதரம் சொல்லியிருக்கிறார். மாமா கட்டளையின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அப்பா திருப்பிச் சொல்லி ஒற்றை விரலால் தட்டினார். நான் சரி போட்டேன்.

ஆறாவது படி, பகுதியை நீக்குவது.

"டீ," என்றார் மாமா.

"டீ."

"இலக்கம் இரண்டு."

"இலக்கம் இரண்டு," என்று அப்பா தட்டினார்.

நான் தாளைப் பார்த்தேன். "மாமா, ஒண்டெண்டெல்லோ கிடக்கு."

"ஓடர் போய்க்கொண்டிருக்கேக்க இடையில கதைக்கக் கூடாது, பிள்ளை," என்றார் அப்பா, திரும்பாமலே.

அது வரைக்கும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. டபிள்யூ என்ற எழுத்தைத் தட்டும்வரை வட்டில் எதுவும் எழுதப்படாது. கியூவைத் தட்டினால் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். அதற்காகத்தான் ஏழாவது படியில், எழுதுமுன் பகுதிகளின் அட்டவணையை ஒருதரம் பார்க்கச் சொல்லியிருந்தது. பார்த்தார்கள். திரையில் ஒரேயொரு வரி இருந்தது, முதலாம் பகுதி. ஒரு நிமிடமாவது அது அப்படியே நின்றது. மூன்று பெரியவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அத்தை, உங்கட பகுதியைக் காணேல்லை," என்றேன்.

"மாமாவுக்குத் தெரியும்," என்றார் அத்தை.

"டபிள்யூ," என்றார் மாமா.

அப்பாவின் விரல் அந்த எழுத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "டபிள்யூ."

மாமா தலையில் கை வைத்தார். பிழையாப் போச்சு மச்சாள் என்றார். அத்தை அழவில்லை, ஏசவில்லை. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில் 'பிழை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகாவது எட்டாவது படிக்குப் போயிருக்க வேண்டும். மாமா போகவில்லை. வட்டில் பழுது இருக்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்லி, தாளில் இல்லாத ஒரு கட்டளையை அப்பாவுக்குச் சொன்னார். இரண்டாம் பகுதி இருந்த இடம் முழுவதும் எதையோ எழுதி எழுதிப் பார்க்கும் கட்டளை. திரையில் ஓர் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. தாளில் இல்லாததற்கு எங்கே சரி போடுவது? ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் 7(அ) என்று எழுதி, சிறிதாக ஒரு பெட்டியும் கீறிவைத்தேன்.

அந்த எண் ஏறி முடியும், பிறகு முதலிலிருந்து ஏறும். ஒரு மணி நேரம் கழிந்தது. யாரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அம்மா தும்புத்தடியோடு வாசலில் வந்து நின்று "இன்னும் நாலு வீடு" என்றார். பிறகு வந்து "மூண்டு." மாமா மணிக்கூட்டையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் சேட்டு முதுகில் ஒட்டிப்போயிருந்தது. அத்தையின் உதடுகள் அசைந்தன. பட்டியல் திரும்பி வரவேண்டும் என்று மன்றாடுகிறார் என்று நினைத்து நானும் மனதுக்குள் மன்றாடினேன். பட்டியல்தான் போய்விட்டதே, இனி எதற்கு இந்தப் பதற்றம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க எண் கடைசிமுறை ஏறி முடிந்தது. எட்டாவது படியை அப்பா பாதி தட்டியபோது மின்சாரம் போனது. பட்டியலும் இல்லை, லினக்ஸும் இல்லை. இருட்டாகிவிட்ட திரையைப் பார்த்து மாமா சிரித்தார். இப்படி வெட்கமில்லாத மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கால் மணி நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அதிகாரி மரியாதையானவர், நின்று நின்று தமிழ் பேசினார். கணினியில் என்ன இருந்தது என்று கேட்டார். கோவில் கடிதங்கள், எல்லாம் அழிந்துவிட்டன என்றார் அத்தை. அதிகாரி பெரியவர்களை விட்டுவிட்டு என்னிடம் குனிந்தார். "நீங்கள் சொல்லுங்கள். யார் அழித்தது?"

பட்டியலைப் பற்றி அவர் கேட்கவில்லை. மாமாவைப் பற்றித்தான் கேட்டார், அதற்கு என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. ஒன்று என்று இருக்க இரண்டு என்றதை, நான் சொல்லியும் கேளாததை, அட்டவணையைப் பார்த்தும் விளங்காததை ஒழுங்காகச் சொல்லித் தாளையும் நீட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெட்டியாக இறங்கினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன, ஏழுக்குப் பக்கத்தில் இன்னொன்று?"

அம்மாவின் தும்புத்தடி நின்றது. அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"வட்டில பழுது கிடக்கோ எண்டு பாக்கிறது," என்றேன். "அது தாளிலயே இல்லை. மாமா தன்ர பாட்டுக்குச் செய்தவர். அவருக்கு ஒரு ஒழுங்கும் இல்லை."

அதிகாரி மாமாவைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்தார். "படித்த ஆளா?"

"ஓம், கொழும்பில. ஆனால் கவனம் காணாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தாளைத் திருப்பித் தந்தார். கணினியைக் கொண்டு போனார்கள். இரண்டு கிழமை கழித்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

போன மாதம், ஓய்வில் வேறு வேலை இல்லாததால், பழைய மடிக்கணினி ஒன்றில் நானே லினக்ஸைப் பதித்தேன். அதே கறுப்புத் திரை, அதே கட்டளைகள். பகுதியை எழுதி முடித்ததும் என்னையறியாமல் 7(அ)வைத் தேடினேன். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று தேடி வாசித்தேன். வட்டின் ஒவ்வோர் இடத்திலும் நான்கு தரம் மேலெழுதும். பழுதைக் காட்டும். முன்பு இருந்த எதையும் மீட்க முடியாமலும் செய்யும்.

அதற்குப் பிறகு அப்பாவை நினைத்தேன். பிழையான ஓடரை அவர் தன் வாழ்நாளில் திருப்பிச் சொன்னது அந்த ஒரு நாள்தான். வெறும் வட்டைக் கண்டால் கேள்வி வரும். மடையன் ஒருவன் கெடுத்த வட்டைக் கண்டால் சிரிப்பு வரும். அதற்கு ஒரு மடையன் வேண்டும். அவன் மடையன்தான் என்று மனதார நம்பும் சாட்சி ஒன்றும் வேண்டும், கையெழுத்து வடிவான சாட்சியானால் இன்னும் நல்லது.

அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. மாமாவுக்கு, அவர் இருக்கும் குளிர் தேசத்துக்கு, தொலைபேசி எடுத்தேன். 7(அ)வைப் பற்றிக் கேட்டேன். "அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கிறியோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அது நல்லது என்று சொல்லிவிட்டு, அங்கே மழையா என்று விசாரித்தார்.

சோதனைக்காரர் கணினியோடு போன அந்தச் சனிக்கிழமை, அத்தை தேநீர் ஊற்றினார். எங்கள் வீட்டில் முதல் கோப்பை அப்பாவுக்கு, பிள்ளைகளுக்குக் கடைசியில், அதுதான் ஒழுங்கு. அன்று முதல் கோப்பையை அத்தை மாமாவிடம் கொடுத்தார். பதினொரு மாத வேலையை அழித்தவனுக்கு முதல் கோப்பையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவதை, மூன்று கரண்டி சீனி போட்டு, என் கையில் தந்து என் தலையைத் தடவினார். பிழையைக் கண்டுபிடித்ததற்கான பரிசு என்று நினைத்து, மாமாவை முறைத்துக்கொண்டே அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.