கூட்டுக்களவாணி பழனாயி

திருடுவது களவு. திருடுகிறவன் களவாணி. அவன் திருடும்போது காவல் நிற்கிறவன் கூட்டுக்களவாணி. போலீஸ்காரர் எழுதினால் அவனை ‘உடந்தை’ என்பார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு காரம் கிடையாது. சர்க்கரை டப்பாவைக் காலி செய்த பிள்ளைகளையும் அப்படித்தான் வைவார்கள். ஆனால் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் பழனாயிக்கு அந்தப் பேர் வந்தது நிஜமான களவுக்குத்தான்.

பழனாயி பவர் டேபிள் என்கிற கரண்டுத் தையல் மிஷினில் டெய்லர். வாயும் ஓயாது, கையும் ஓயாது. அவளுக்குத் துணியை மடித்து மடித்து நீட்டும் கைமடி வேலைக்குக் குன்னத்தூரிலிருந்து வந்தவள் தெய்வாத்தாள். பழனாயியைவிட மூத்தவள், நாற்பது தாண்டியவள். நாள் முழுக்க நின்று முட்டி வீங்கிப்போகும். எப்படியாவது ஒரு மிஷினில் உட்கார்ந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. அந்த வயசில் யார் கற்றுக்கொடுப்பார்கள்? கைமடி ஆள் மிஷினைத் தொட்டாலே சீட்டுக் கிழிந்துவிடும்.

பழனாயிதான் களவுக்கு வழி சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் என் மிஷினில் நீங்க தைங்க, நான் வாசலைப் பார்த்துக்கிறேன் என்றாள். சூப்பர்வைசர் தமிழ்செல்வன் தலை தெரிந்தால் இருமுவாள். அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவனே அக்கறையாகச் சொன்னான், பாவம். கழிவுத் துணியில் ஆரம்பித்த தெய்வாத்தாள், ஆவணி பிறப்பதற்குள் நிஜப் பீஸையே நூல் பிடித்த மாதிரி தைத்தாள்.

ஒருநாள் தெய்வாத்தாள் தைக்கும்போது ஊசி ஒடிந்தது. அன்றைக்குப் பார்த்துக் குழந்தைச் சட்டை ஆர்டர். ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கொடுத்தால்தான் வேறு ஊசி தருவார்கள். முனை மட்டும் கிடைக்கவில்லை. பழைய ஊசி ஒன்றை ஒடித்து அந்த முனையைக் காட்டிவிடலாம் என்று தெய்வாத்தாள் கெஞ்சினாள். இத்தனை நாள் கூசாமல் பொய் இருமல் இருமிய பழனாயி அதற்கு மட்டும் மசியவில்லை.

“பச்சக் கொழந்த போடற துணிங்க்கா. குத்திப்போடும். இதுல களவு வேண்டாம்.”

நேரே தமிழ்செல்வனிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். என்ன நெஞ்சு அவளுக்கு! கட்டு முழுவதையும் பிரித்தார்கள், காந்தம் வைத்துத் துழாவினார்கள். ஒரு சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் முனை அகப்பட்டது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் தமிழ்செல்வன் இருவரையும் திரும்பிப் பார்த்தான்.

“நல்லாச் சேர்ந்தீங்க, கூட்டுக்களவாணிக.”

வேலை போச்சு என்று தெய்வாத்தாள் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆனால் ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. பழனாயி ஒரு மாசம் மிஷினில் உட்காரக் கூடாது, கைமடியாக நிற்கட்டும் என்றான் தமிழ்செல்வன். அப்படியானால் என் மிஷினில் யாருங்க உட்காருவது என்று கேட்டாள் பழனாயி. அவன் அந்தக் கழுத்துப்பட்டித் தையலை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு தெய்வாத்தாளைக் கை காட்டினான்.

அந்த மாசம் முழுக்கத் தெய்வாத்தாள் உட்கார்ந்து தைத்தாள், பழனாயி நின்றபடி மடித்து மடித்து நீட்டினாள். ஒரு நாளாவது முகம் சுளித்தாளா? சும்மா சொல்லக் கூடாது, கல்யாண வீட்டில் பரிமாறுகிறவள் போலத்தான் நின்றாள்.

இப்போது இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். போன தீபாவளிக்குத் துணி எடுக்கக் காதர்பேட்டைக்குச் சேர்ந்து போனார்கள். அக்கா தங்கச்சிங்களா என்று கடைக்காரர் கேட்டார். பழனாயி வாயைத் திறப்பதற்குள் தெய்வாத்தாள் முந்திக்கொண்டாள்.

“இல்லீங்க. இவ என்ற கூட்டுக்களவாணிங்க.”