அந்தக் காரைக் கட்டியது யார் என்று கேட்டார்கள்

ரெசின் பசையின் மணம் தெரியுமா உங்களுக்கு? அழுகின அன்னாசிப்பழத்தையும் நெயில் பாலிஷையும் சேர்த்து மூக்குக்குள் தேய்த்தது போல இருக்கும். மிச்சம் என்கிற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கராஜில் ஏழு வருஷம் அந்த மணம்தான். என் தலைமயிரில், பெட்ஷீட்டில், சோற்றில்கூட...

இவருக்கு, என் மனுசனுக்கு, கிட் கார் பைத்தியம். பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். நாங்களே பூட்டிக் காராக்க வேண்டும். சிவப்பு ஃபைபர் கூடு, இரண்டே இரண்டு சீட். எஞ்சின் மட்டும் இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் வாங்கின முதல் காருடையது. அந்தக் கார் துருப்பிடித்து ஓட்டையாகிப் போனது, எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்லை.

முதலில் எனக்கு டோர்ச் பிடிக்கிற வேலை.

"சரியாப் பிடியுமப்பா! எஞ்சினைப் பாக்கிறீரோ என்னைப் பாக்கிறீரோ?"

"ரெண்டும் பழசுதானே, எதைப் பாத்தா என்ன?"

பிறகு டோர்ச்சோடு நிற்கவில்லை. இவருடைய கை பெரிய கை. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போகாது. புகைக்குழாயை எஞ்சினோடு சேர்க்கிற எட்டு நட்டையும் நான்தான் கையை விட்டு இறுக்கினேன். கண்ணால் பார்க்க ஏலாது, விரலால் தடவித் தடவித்தான். கதவு இரண்டையும் மட்டத்தாள் போட்டு வழுவழுப்பாகத் தேய்த்ததும் நான். ஃபைபர் துணியில் ரெசின் பூசினதும் நான்.

ஆட்கள் பார்க்க வந்தால் இவர் என்ன சொல்வார் தெரியுமா? "எல்லாம் தனியத்தான் செய்யிறன்."

நான் கறுத்த நகத்தைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போவேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது வருகிறது... சண்டை பிடிக்க ஆள் இல்லாத நேரத்தில் வருகிறது.

போன மாசி மாதம் ஷிப்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஹார்ட். கார் முடிந்திருந்தது. டெஸ்டும் நம்பரும்தான் மிச்சம்.

செத்த வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஒருவர், இவரைக் கொண்டுபோய் எரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, சொல்கிறார்: "உந்த விளையாட்டுச் சாமானை ஸ்கிராப்புக்குக் குடுங்கோ. வைச்சு அழுறதே?"

என் மனுசனுடைய ஏழு வருஷ ஞாயிற்றுக்கிழமை அது. ரோட்டில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றே நினைத்தேன்.

எனக்கு இங்கிலிஷ் குறைவு, எட்டாம் வகுப்போடு நின்றவள். அதனால் இவருடைய தம்பி இல்ஃபோர்டில் இருந்து வந்து பதிவு ஒபிஸுக்கு போன் போட்டார். சட்டம் இப்படியாம். சொந்தமாகக் கட்டின கார் என்றால் எஞ்சினின் வயதுக்குத் தக்க புகை டெஸ்ட். அதில் இந்த எஞ்சின் பாஸாகும். சொந்தமாகக் கட்டவில்லை என்றால் புதுக் காருக்குரிய டெஸ்ட். அதில் இது பாஸாகவே ஆகாது. எஞ்சினின் வயதுக்கு அத்தாட்சியாகப் பழைய காரின் பேப்பரை இவர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் குறை இல்லை.

(பழைய காரை ஓட்டினால் காசு பிடுங்குகிற யூலெஸ் கதையை யாரும் இங்கே எடுக்க வேண்டாம். அது வேறு கோபம்.)

போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள், கட்டியது யார் என்று.

நான் என்ன சொன்னேன்? எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சொல்வதைத்தான். எல்லாம் ஹஸ்பண்ட்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இரண்டு கிழமையில் லெட்டர் வந்தது. கட்டியவர் உயிரோடு இல்லை, பதிவு கேட்பவர் கட்டவில்லை. ஆகவே சலுகை இல்லை.

"முடிஞ்சுது அண்ணி. பார்ட்ஸுக்கு ஆரும் எடுப்பினம், குடுத்துப்போட்டு நிம்மதியா இருங்கோ."

"தம்பி, நான் சொன்னது பொய் எண்டு எழுதும்."

"என்ன பொய்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னது."

"அண்ணி, பகிடி விடாதேங்கோ. அண்ணை தனியத்தானே செய்தவர்?"

"எழுத ஏலாட்டி எழும்பும். ரோட்டில போற ஆரையும் பிடிச்சு எழுதுவிக்கிறன்!"

எழுதினார். முகத்தை நீட்டிக்கொண்டு எழுதினார்.

விசாரிக்க ஒரு ஆள் வந்தார். கராஜில் நின்று போட்டோக்களைப் பார்த்தார். ஏழு வருஷத்துப் போட்டோ, ஒன்றிலும் நான் இல்லை. ஏனென்றால் எடுத்ததே நான்தானே! அதைச் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

எனக்கு விசர் ஏறிவிட்டது. கோட்டைக் கழற்றி எறிந்தேன். ஸ்பானர் பெட்டியில் பார்க்காமலே பதின்மூன்றாம் நம்பரை எடுத்தேன். எஞ்சினுக்குப் பின்னால் முழங்கைவரை கையை விட்டு எட்டு நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். திரும்ப இறுக்கினேன். அவரும் தன் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பேப்பரில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

சலுகை கிடைத்தது. டெஸ்டும் பாஸ்.

பிறகு தபாலில் லாக் புக், காருடைய பதிவுப் பத்திரம், வந்தது. என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தம்பி, உம்மட அண்ணற்ற பேர் எங்க?"

"அதில கார் வைச்சிருக்கிற கீப்பர்ட பேர் மட்டும்தான் வரும் அண்ணி. கட்டினவற்ற பேர் போட இடமில்லை."

பாருங்கள் அநியாயத்தை. அப்போது இவர் இருந்தார், என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இப்போது பேப்பரில் நான் இருக்கிறேன், இவர் எங்கேயும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்ததை இரண்டு பேர் செய்தது என்று எழுத ஒருவருக்குமா தெரியாது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தோர்ண்டன் ஹீத்வரை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரில் கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்கள், யார் கட்டினது என்று.

"மீ அண்ட் மை ஹஸ்பண்ட்!" என்று கத்துகிறேன்.

கத்தத்தான் வேண்டியிருக்கிறது... அந்த எஞ்சின் சத்தத்துக்குள் மெல்லச் சொன்னால் ஒருவருக்கும் கேட்காது.