துலக்கித் திருப்பிய தட்டு

சியோம்புவா கிலேலு இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் கனடாவில் இருக்கும் ஒரு பயண நிறுவனத்துக்காக நாள்தோறும் யாரையாவது விமானத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் வயதானவர்கள். மகளைப் பார்க்கப் போகிறவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒருமுறை வெயிலைப் பார்த்துவிட நினைக்கிறவர்கள். எந்த விமான நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

அவளுடைய அலுவலகம் ஒரு லேப்டாப், ஒரு ஹெட்செட், ஒரு சின்ன வைஃபை பெட்டி. எல்லாம் ஒரு முதுகுப்பையில் அடங்கிவிடும். அதனால் ஓரிடத்தில் தங்கியதில்லை. நைரோபி, கிசுமு, நன்யுகி, டியானி என்று போய்க்கொண்டே இருந்தாள். இப்படி வேலை செய்கிறவர்களை டிஜிட்டல் நாடோடிகள் என்கிறார்கள். கடற்கரை ஊரான எங்கள் பம்புரியில் அவர்களுக்குக் குறைவில்லை. முக்கால்வாசிப் பேர் வெள்ளைக்காரர்கள். சாலைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய அடுக்குமாடிகளில், நீச்சல்குளத்தில் காலைத் தொங்கவிட்டபடி வேலை பார்ப்பார்கள். சியோம்புவா சாலைக்கு இந்தப் பக்கம், பீபி ஸுஹூரா என்ற மூதாட்டியின் வீட்டில், என் எதிர் அறைக்குக் குடிவந்தாள்.

நானும் அதே இனம்தான். வங்கி மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. டைட்டா மலையில் எங்கள் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை நான் சொல்லாவிட்டாலும் பீபி சொல்லிவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் பெயரை அவர் சொன்னதே இல்லை. "இது நம்ம டிகிரி" என்பார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

வீடு பழைய கரையோர பாணி. நடுவில் நீண்ட நடை, இரு பக்கமும் அறைகள், பின்னால் எல்லாருக்கும் பொதுவான முற்றம். அறைச் சுவர்கள் கூரை வரை போகாது. ஓர் அறையில் தும்மினால் நாலாவது அறையிலிருந்து வாழ்த்து வரும். பீபியின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். பீபி காலையில் மஹம்ரி என்கிற இனிப்பு ரொட்டி பொரித்து விற்பார், மிச்ச நேரத்தில் வீட்டை ஆள்வார்.

சியோம்புவா அறை கேட்டு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"என்ன வேலை உனக்கு?" என்றார் பீபி.

"டிஜிட்டல் நாடோடி மாதிரி, பீபி. ஊர் ஊரா இருந்துகிட்டே வேலை பார்ப்பேன்."

"நாடோடியா? ஆடு எங்கே, ஒட்டகம் எங்கே?"

"இந்த லேப்டாப்தான் என் ஆடு."

"பால் கறக்குமா அது?"

"மாசக் கடைசியில கறக்கும் பீபி."

பீபி தன் காங்கா துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மூலை அறை அவளுக்குக் கிடைத்தது. இரண்டு ஜன்னல், இரண்டிலும் கடல் காற்று.

சில வாரங்கள் கழித்து சியோம்புவா ஒரு மேசை வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிடச் செய்யச் சொன்னாள். முவூலே என்ற கெட்டி மரம். நானும் தச்சரும் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நடையில் இரண்டு முறை இறக்கி வைத்தோம்.

"நாடோடிக்கு எதுக்கு இவ்வளவு கனமான மேசை?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்கேதான், டிகிரி, காலையில கண்ணு முழிச்சதும் இது எந்த ஊருன்னு யோசிக்க வேண்டியதில்ல" என்றாள். "இந்த அறைய விட எனக்கு மனசில்ல. அதான் மேசை."

பிறகு நோன்பு மாதம் வந்தது.

நோன்பு மாதத்தில் பகலெல்லாம் வீடு அடங்கிக் கிடக்கும். மாலை நாலு மணிக்கு முற்றத்தில் அடுப்புகள் பற்றும். தேங்காய்ப்பாலில் மரவள்ளி, தேங்காய்ப்பாலில் துவரை, பாகில் போட்ட கைமாத்தி உருண்டைகள். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் பீபி ஒவ்வொரு அறைக்கும் ஒரு தட்டு அனுப்புவார். நோன்பு பிடிக்கிறவன், பிடிக்காதவன் என்ற பேச்சே இல்லை. எனக்கும் வரும், சியோம்புவாவுக்கும் வரும்.

சியோம்புவாவுக்கு அதுதான் வேலையின் உச்ச நேரம். கனடாவில் அப்போது காலை, எல்லாரும் அப்போதுதான் போனை எடுப்பார்கள். கதவு தட்டினால் ஹெட்செட்டுடன் வருவாள், ஒரு கையால் தட்டை வாங்கிக்கொள்வாள், தலையை ஆட்டுவாள், கதவு சாத்திக்கொள்ளும். பிறகு சுவருக்கு மேலாக அவள் குரல் மட்டும் கேட்கும். கனிவாக, சிரிப்பாக, ஒவ்வொரு மாலையும் வெவ்வேறு ஆண்களின் பெயரைச் சொல்லி. நடையில் போகிறவர்கள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வார்கள்.

மறுநாள் காலை அந்தத் தட்டு பீபியின் சமையல் ஜன்னலில் இருக்கும். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் துலக்கி, துடைத்து, முகம் பார்க்கலாம் போல. அவள் எழுந்ததும் செய்கிற முதல் வேலை அது.

பாதி மாதம் போயிருக்கும். அவளுக்குத் தட்டு வருவது நின்றது. அடுத்த நாள் பீபி அவள் வாசலில் வந்து நின்றார்.

"பெருநாள் வரைக்கும் இரு மகளே. அப்புறம் அறையைக் காலி பண்ணிக் கொடுத்துடு."

சியோம்புவா ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். "ஏன் பீபி? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. அறை வேணும்."

"வாடகை கொஞ்சம் கூடப் போட்டுத் தரட்டுமா?"

பீபியின் முகம் மாறியதை நான் என் அறையிலிருந்தே பார்த்தேன். "நான் வாடகையப் பத்திப் பேசினேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். செருப்புச் சத்தம் முற்றம் வரை போனது.

சியோம்புவா என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆண்களோடு பேசுவதுதான் காரணம் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "இவங்ககிட்ட எப்படி விளக்குறது? என் ஆளுங்க பாதிப் பேருக்குப் பல் செட்டு" என்றாள். ஆனாலும் யாரிடமும் போய் விளக்கவில்லை. ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

அந்த ஆண்கள் யார் என்பது தானாகவே விளங்கியது. ஒரு மாலை, அடுப்பு பற்றுவதற்குச் சற்று முன்னால், கரண்ட் போனது. வைஃபை பெட்டி செத்தது, ஹெட்செட்டிலும் சார்ஜ் இல்லை. போனில் ஒரு கிழவர் காத்திருந்தார். முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். சியோம்புவா போனைத் தொட்டியின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மடியில் லேப்டாப். சுற்றிலும் மரவள்ளி தோல் சீவிக்கொண்டிருந்த பெண்கள். நான் குடிக்கத் தண்ணீர் பிடிக்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பீபிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. முன் அறையில் குடியிருக்கும் நஸ்ராம்மா பள்ளிக்கூடம் போனவர், அவரிடம் கேட்டார்.

"யாரது?"

"யாரோ கிழவர். லாய்டுன்னு பேரு. மகளைப் பார்க்கப் போறாராம். நடுவுல ப்ளேன் மாறுற இடத்துல தப்பான வாசல்ல போய் உக்காந்துட்டார். ப்ளேன் போயிடுச்சு."

"ஐயோ. இப்ப?"

"முட்டி வலியாம். எங்கே போறதுன்னு தெரியலையாம். இவ வழி சொல்றா."

"இவ அந்த ஊருக்குப் போயிருக்காளா?"

"இவளா? படகுல அக்கரை லிக்கோனிக்குப் போனா பெரிய விஷயம்."

சியோம்புவா அவரை நடத்திக்கொண்டிருந்தாள். வலது கைப் பக்கம் புத்தகக் கடை, அதைத் தாண்டி மின்தூக்கி, அவசரம் வேண்டாம், நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், நான் போனிலேயே இருக்கிறேன். கிழவர் வழியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். சீவுகிற கத்திகள் நின்றுபோயின.

"சாப்பிட்டாரான்னு கேளு" என்றார் பீபி.

சியோம்புவா போனைக் கையால் மூடினாள். "டிக்கெட் விஷயம் மட்டும்தான் பேசணும்னு ஆபீஸ்ல விதி, பீபி."

"வயசான மனுஷன் நிக்கிறான். கேளு."

கேட்டாள். கிழவர், காலையில் ஒரு பிஸ்கட் சாப்பிட்டதாகச் சொன்னார். நஸ்ராம்மா மொழிபெயர்த்தார்.

"நாம பட்டினி கிடக்கிறது அல்லாவுக்கு. அவன் யாருக்குக் கிடக்கிறான்?" என்றார் பீபி. "முதல்ல உக்காந்து சூடா ஏதாவது குடிக்கச் சொல்லு. ப்ளேன் எங்கேயும் ஓடிப்போகாது."

"ஓடிப்போச்சு பீபி. அதுதான் பிரச்சினையே" என்றாள் சியோம்புவா.

தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிழவர் அந்தப் பக்கம், யார் பேசுவது என்று கேட்டார். சியோம்புவா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் மேலதிகாரி. நீங்க சூப் குடிக்கிற வரைக்கும் அடுத்த டிக்கெட் போடக் கூடாதுன்னு உத்தரவு" என்றாள். நஸ்ராம்மா இதைப் பீபிக்குச் சொன்னதும், பீபி காங்காவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழவர் சூப் குடித்தார். அடுத்த விமானமும் கிடைத்தது. மரவள்ளி அன்று தாமதமாகத்தான் வெந்தது.

சரி, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. நஸ்ராம்மாவிடம் கேட்டேன்.

"இன்னும் என்ன கோபம்? அவ பேசுறது கிழவங்ககிட்டன்னு தெரிஞ்சாச்சே."

"அது வேற, இது வேற" என்றார் நஸ்ராம்மா. "டிகிரி, நீ தட்டு திருப்பிக் கொடுக்கும்போது என்ன பண்ணுவே?"

"ஏதாவது வச்சுக் கொடுப்பேன். ரெண்டு மாம்பழம், கொஞ்சம் சர்க்கரை. ஒண்ணும் இல்லாட்டி ஒரு எலுமிச்சை."

"அவ என்ன வச்சா?"

அப்போதுதான் விளங்கியது. அத்தனை நாளும் அவள் பளபளவென்று வெறும் தட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஒருநாள் மறந்தால் மறதி. தினமும் என்றால், 'உங்கள் கணக்கு தீர்ந்தது, இனி எனக்கு வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. அதற்கு மேல், மனம் நொந்து நின்றவரிடம் வாடகைக் காசு பேசியிருக்கிறாள்.

சியோம்புவாவிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை.

"எங்கம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அடுத்தவங்க பாத்திரத்தைக் கறையோட கொடுக்காதேன்னு. நான் எவ்வளவு தேச்சேன் தெரியுமா?"

"தெரியும். எல்லாருக்குமே தெரியும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "பேரீச்சம்பழம் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துடவா?" என்றாள்.

"வாடகை கூடத் தரேன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்போ?"

"தட்டு வந்தாத்தான் திருப்ப முடியும். தட்டு வரலையே."

அதற்கு மேல் என் படிப்புக்கும் வழி தெரியவில்லை. அவள் பக்கத்து ஊரான ஷன்ஸூவில் வேறொரு அறை பார்த்துவிட்டு வந்தாள். வெளிச்சம் குறைவு, மேசை உள்ளே போகாது என்றாள்.

பெருநாளுக்கு முந்தின மாலை பிறை தெரிந்தது. அன்று யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது, சண்டைக்காரர்களுக்கும் தட்டு போகும். சியோம்புவாவுக்கும் வந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். கொண்டுவந்த நஸ்ராம்மாவிடம் வீட்டில் ஒவ்வொருவரின் நலத்தையும் தனித்தனியாக விசாரித்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

காலையில் தொழுகை முடிந்து எல்லாரும் புதுத்துணியில் திரும்பியபோது, அவள் முதுகுப்பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். பழகிய கை, நேரம் பிடிக்கவில்லை. மேசைதான் நடுவில் நின்றது. அதன்மேல் தட்டு, துலக்காமல்.

பீபி நடையில் வந்தார். பையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

"கிளம்பிட்டியா?"

"நீங்க சொன்ன நாள் இன்னிக்குத்தான், பீபி."

"சொன்னேன். போறதுன்னா போ. என் தட்டைக் கொடுத்துட்டுப் போ."

சியோம்புவா தட்டின்மேல் கையை வைத்தாள். கொடுக்கவில்லை.

"இது காலியா இருக்கு, பீபி. இப்படியே கொடுக்க மாட்டேன். எங்க ஊர்ச் சாப்பாடு ஒண்ணு செஞ்சு வச்சுத்தான் கொடுப்பேன்."

நடையில் நஸ்ராம்மா நின்றுவிட்டார். நானும்.

"என்ன சாப்பாடு?" என்றார் பீபி.

"முத்தோகோய். தோல் நீக்கின மக்காச்சோளமும் பீன்ஸும்."

"மேட்டு நாட்டுச் சோளமா? மாடு திங்கிறது."

"மனுஷங்களும் திங்கலாம். நல்லா வேக வச்சா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ராத்திரி முழுக்க ஊறணும். அப்புறம் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அடுப்புல இருக்கணும்."

பீபி பையை மறுபடி பார்த்தார். வாசற்படியில் அது வழியை அடைத்துக்கொண்டிருந்தது. காலால் லேசாக உள்ளே தள்ளினார்.

"சரி, ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார்.

மறுநாள் முத்தோகோய் வெந்தது. பீபி ஒரு வாய் மென்றார், ரொம்ப நேரம் மென்றார். "உப்பு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார். தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். அன்று மாலையே தட்டு சியோம்புவாவின் அறைக்குத் திரும்பி வந்தது. நாலு மஹம்ரியோடு.

அவள் இன்னும் எதிர் அறையில்தான் இருக்கிறாள். இதை எழுதும்போதும் சுவருக்கு மேலாக அவள் குரல் கேட்கிறது, யாரையோ எங்கேயோ ஏற்றிவிடுகிறாள். நடையில் போகிற பீபி நின்று கதவைத் தட்டுகிறார்.

"அந்த முட்டிவலிக் கிழவரா?"

"இல்ல பீபி, இது வேற ஆள்."

"யாரா இருந்தா என்ன. சாப்பிட்டாச்சான்னு கேளு."