எங்கள் ஏரிக்கு எந்த மோட்டார்?

அன்றைக்கு மோட்டார் கடையில் நான் ஒன்றைச் சொல்லவில்லை.

"எனக்கு மோட்டாரே வேண்டாம்."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பழவேற்காடு ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு எங்கள் ஊர். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த தொழிற்சாலை ஒன்றில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. (ஊரின் முதல் டைப்பிஸ்ட்! என் வேலை என்னவென்று அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.)

விடிகாலையில் அண்ணன் படகில் காற்றுக்குப் பாய் விரித்து என்னைச் சுண்ணாம்புக்குளம் கரையில் கொண்டுவிடுவான். அங்கிருந்து பஸ்.

பாய்ப் படகில் போவது தூக்கத்தின் மிச்சம் மாதிரி இருக்கும்.

தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். தூரத்தில் பூநாரைகள். மடியில் நூலகப் புத்தகம். பக்கம் புரட்டுகிற சத்தம்தான் அங்கே பெரிய சத்தம்.

ஆனால் காற்று ஆபீஸ் நேரம் பார்த்து வீசாதே!

காற்று படுத்துவிட்டால் பஸ் போய்விடும். மேனேஜர் சொல்லிவிட்டார், "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுக்குவோம்."

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அண்ணனும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரு படகு மோட்டார் கடையில் நின்றோம்.

கடைக்காரர் தெலுங்குக்காரர். ஊரே அவரை நைனா என்று கூப்பிடும், அவரும் ஊரையே நைனா என்று கூப்பிடுவார்.

இரண்டு மோட்டார் இருந்தது. பெரியதுக்கு நீளக் கால், சின்னதுக்குக் குட்டைக் கால். (கால் என்றால் தண்ணீருக்குள் இறங்குகிற தண்டு. அதன் நுனியில்தான் விசிறி சுற்றும்.)

பெரியதைத் தண்ணீர் டிரம்மில் மாட்டி நைனா கயிற்றை இழுத்தார். கடையே நடுங்கியது!

"இன்னா சத்தம்! இத்த மாட்டிக்கினு போனா பஸ்ஸே நம்ம பின்னாடிதான் வரும்!" என்றான் அண்ணன்.

"அது இருக்கட்டும் நைனா. ஏரில ஆழம் எவ்ளோ கீது?" என்று கேட்டார் கடைக்காரர்.

எங்கள் பக்கம் ஆழத்தை உடம்பை வைத்துத்தான் சொல்வது. அண்ணன் இடுப்பைத் தட்டிக் காட்டினான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் வலை போடுகிற இடத்தில் அவ்வளவு ஆழம்தான். ஆனால் பஸ்ஸுக்குப் போகிற குறுக்கு வழி சேற்றுத் திட்டு. அங்கே தினமும் இறங்கித் தள்ளுவது நான். அண்ணன் துரை மாதிரி மேலே நின்று கழி ஊன்றுவான்!

கடையில் நாலைந்து ஆண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் புடவை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா, நீ ஒண்ணுமே பேசல? போய்வர்றது நீதான?" என்றார் நைனா.

புடவையைக் காட்டினேன். முழங்கால் உயரத்தில் ஒரு சேற்றுக்கோடு.

"இவ்ளோதான் தண்ணி, நைனா."

"ஏய், அது பழைய கறை!" என்றான் அண்ணன்.

"தினம் தோய்க்கிறேன்ண்ணே. தினம் அதே எடத்துலதான் வருது."

டீ கிளாஸ்கள் எல்லாம் சிரித்தன.

நைனா டேப்பை நீட்டினார். நானே அளந்து சொன்னேன். அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். அதுதான் எங்கள் ஏரி!

"படகோட பின்பலகை தண்ணிக்கு மேல எவ்ளோ நிக்கும்?"

"ஒரு சாண்," என்றான் அண்ணன்.

கோட்டுக்கு ஒரு சாண் மேலே, பலகையில் மாட்டுகிற கொக்கி வரும்படி பெரிய மோட்டாரைத் தூக்கிப் பிடித்தார்கள். கால் தரையில் இடித்தது. சின்னதைப் பிடித்தார்கள். தரைக்கு மேலே அரைச் சாண் இடைவெளி.

அண்ணன் முகம் வாடிவிட்டது. "ஆனா பெருசு வேகமா போவும்ல?"

"போவும். சேத்துல மாட்டிக்கினு வேகமா நிக்கும்!" என்றார் நைனா.

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீயே சொல்லு."

அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் சத்தமில்லாமல் ஒரு பாய் நகர்ந்து போகிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது போய்க்கொண்டே இருக்கும்.

"சின்னது," என்றேன்.

திங்கட்கிழமை காற்றே இல்லை. முதல் பஸ் வருவதற்கு முன்பே நான் கரையில் நின்றேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.